காய்ந்த விறகு என்று வாங்கியது வீடெல்லாம் புகைகிறது: எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வீடு திருமங்கலம் பக்கம். வீட்டில் கேஸ் இருக்கிறது, ஆனாலும் அவருடைய அம்மாவுக்கு வெந்நீரும் சோறும் விறகடுப்பில்தான். சமையலறைக்குள்ளேயே புகைபோக்கி வைத்துக் கட்டிய அடுப்பு. புரட்டாசியில் ஒரு டன் விறகு இறக்கியிருக்கிறார்கள். பாதி சீமைக்கருவேலம், பாதி புளி. "நல்லாக் காஞ்ச விறகு" என்று கடைக்காரர் சொன்னார், வெட்டுவாயில், அதாவது கட்டையை அறுத்த முனையில், வெடிப்பும் இருந்தது. அடுப்பில் வைத்தால் சீறுகிறது, நுரை தள்ளுகிறது, அம்மா இருமுகிறார். புகை ஏன் வருகிறது, அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது, இப்போது கிடக்கிற விறகை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

எங்கள் அப்பா மேலூர் ரோட்டில் விறகுக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குத் தராசுப் பக்கம்தான் வேலை. இப்போது கடை இல்லை. ஆனால் கல்யாணச் சமையல்காரர்கள் சிலருக்கு இன்றும் நான்தான் விறகு பார்த்து வாங்கித் தருகிறேன், எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்கள் கடைக்காரர் பொய் சொல்லியிருப்பார் என்று நினைக்க வேண்டாம். "எப்ப வெட்டினதுண்ணே?" என்று கேட்டிருப்பீர்கள், அவர் "ஆறு மாசமாச்சு தம்பி" என்று சொல்லியிருப்பார். அது உண்மையாகவே இருக்கலாம். கேட்க வேண்டியது வேறு: "எப்ப பிளந்தது?" மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் நாரோடு ஓடி வெட்டுவாய் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பக்கவாட்டில் போவது பல மடங்கு மெதுவாக. அதிலும் பட்டை மூடியிருந்தால் பக்கவாட்டில் போகவே வழியில்லை. நாலடி, ஐந்தடி நீளத்தில் பட்டையோடு உருட்டுக் கட்டையாக ஒரு வருடம் கிடந்த புளியைப் பிளந்து பாருங்கள், உள்ளே நேற்று வெட்டியது போல இருக்கும். அதையே ஒன்றரை அடியாக நறுக்கி, பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு அது காயும் வேகமே தனி. ஆகவே வெட்டிய தேதியை விட்டுவிடுங்கள். நறுக்கிப் பிளந்த நாளிலிருந்துதான் கணக்கு.

வெடிப்பை நம்பி ஏமாறுவதற்கும் இதேதான் காரணம். வெட்டுவாயில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆரம் ஆரமாக வெடிப்பு ஓடியிருந்தால் காய்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். குளிர் ஊர்களில் அது ஓரளவு சரியாக இருக்கலாம். மதுரைச் சித்திரை வெயிலில், அக்னி நட்சத்திரத்தில், பத்தே நாளில் வெட்டுவாய் வெடித்துவிடும். முனையில் இரண்டு மூன்று அங்குலம் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இருப்பது சுருங்கவில்லை, அந்த இழுபறியில் விழுவதுதான் வெடிப்பு. சொல்லப்போனால் வெளியே காய்ந்திருக்கிறது, உள்ளே காயவில்லை என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம். வெடிப்பே இல்லாத கட்டையை ஒதுக்கலாம், வெடிப்பு இருக்கிறது என்பதற்காக வாங்கக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு லாரி புளி விறகு வந்தது. வெட்டுவாயில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேலெல்லாம் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. எடை போட்டு இறக்கிவிட்டேன். அதிலிருந்து ஐநூறு கிலோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போனது. விடிகாலை நாலு மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. அண்டாவில் உலை வைத்து ஒரு மணி நேரம் ஆகியும் கொதி வரவில்லை. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார்கள். சமையல் மாஸ்டர் வயதானவர். என்னைத் திட்டவில்லை. ஒரு கட்டையை எடுத்து நிறுத்தி, கோடாலியால் ஒரே போடு போட்டுப் பிளந்தார். பிளந்த முகத்தை என் கன்னத்தில் வைத்து அழுத்தினார். சில்லென்று இருந்தது, பானைத் தண்ணீரைத் தொட்டது மாதிரி. "இது இன்னும் மரம்தான் தம்பி. விறகு ஆகலை" என்றார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து தென்னை மட்டையும் பாளையும் வாரிக்கொண்டு வந்து போட்டுத்தான் அன்று பந்தி நடந்தது. அந்த வீட்டுக்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் அப்பா.

அன்றிலிருந்து நான் முதலில் செய்வது இதுதான். குவியலின் மேலே கிடப்பதை விட்டுவிட்டு, நடுவிலிருந்து தடிமனான கட்டையாக மூன்று எடுத்து, அங்கேயே பிளந்து காட்டச் சொல்வேன். பிளந்த உள்முகத்தைக் கன்னத்திலோ உதட்டோரத்திலோ வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கையில் வேண்டாம், வேலை செய்த கை காய்த்துப் போயிருக்கும், அவ்வளவாகத் தெரியாது. ஈரம் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை உறிஞ்சும், அதுதான் அந்தச் சில்லிப்பு. காய்ந்த கட்டை கன்னத்துக்குச் சூடாகவும் தெரியாது, குளிராகவும் தெரியாது. பிளக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். நல்ல விறகு வைத்திருப்பவர் மறுக்க மாட்டார்.

பிளக்கும்போதே இன்னும் சில விஷயம் தெரியும். மரத்துக்கு வைரம், வெளிறு என்று இரண்டு பகுதி உண்டு. நடுவில் கருத்துக் கெட்டியாக இருப்பது வைரம், அதைச் சுற்றி வெளுத்திருப்பது வெளிறு. சீமைக்கருவேலத்தில் வைரம் செம்பழுப்பாக இருக்கும், வெளிறு மஞ்சளாக மெல்லிசாக ஓடும். காயாத கட்டையில் இந்த நிறங்கள் எண்ணெய் தடவினாற்போலப் பளிச்சென்று இருக்கும், காய்ந்ததில் மங்கிவிடும். வாசனையையும் பாருங்கள். பச்சை மரத்தில் புளித்த மாதிரி ஒரு வாடை அடிக்கும். பட்டைக்கு அடியில் நகத்தால் கீறிப் பார்த்தால் பசையாகவோ பச்சையாகவோ தெரிந்தால் பேச்சே வேண்டாம். பட்டை தானாகக் கழன்று வருவது நல்ல அறிகுறிதான், ஆனால் வண்டு அரித்தாலும் பட்டை கழலும்.

இரண்டு கட்டையைத் தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று அடங்கிவிடும். ஒரே மரம், ஒரே தடிமன் என்றால் இது நம்பகமானது. புளியையும் வேம்பையும் சேர்த்துத் தட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்ல முடியாது.

கையில் தூக்கி, "லேசாக இருக்கிறது, காய்ந்துவிட்டது" என்று சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. உளுத்த விறகும் லேசாகத்தான் இருக்கும். கட்டையைத் தரையில் தட்டினால் மாவு மாதிரி கொட்டும். வெளிறு முழுவதும் பூச்சி தின்றிருக்கும். அது சீக்கிரம் பற்றும், சீக்கிரம் சாம்பலாகும், கங்கு நிற்காது. மழை பட்டால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அதற்கும் கிலோ கணக்கில் காசு கொடுக்கிறோம்.

கிலோ கணக்கு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, என் மனதுக்கு இதுதான் பெரிது. நம் ஊரில் விறகை எடைக்குத்தான் விற்கிறார்கள். பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீராக இருக்கலாம். வீட்டுக்குள் எரிக்க 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நீங்கள் இறக்கிய 1,000 கிலோவில் 40 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோ தண்ணீர், 600 கிலோ மரம். அதே மரம் 20 சதவீதத்துக்குக் காய்ந்திருந்தால் எடைமேடையில் 750 கிலோதான் காட்டியிருக்கும். 250 கிலோ தண்ணீரை விறகு விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதை ஆவியாக்க மறுபடியும் உங்கள் விறகையே எரிக்கிறீர்கள். விலை கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாலும் காய்ந்த விறகு மலிவு என்று அப்பா சொல்வார். சும்மா சொன்ன பேச்சில்லை அது.

புகை ஏன் வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். மரத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, சூடெல்லாம் ஆவியாக்குவதிலேயே போய்விடும். மரம் பொசுங்கி வாயுவாக மாறுவதற்கே 200 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த வாயு முழுதாக எரிய இன்னும் எவ்வளவோ சூடு வேண்டும். அடுப்பு அந்தச் சூட்டை எட்டாமல் போனால் வாயு எரியாமல் அப்படியே வெளியே வரும். நாம் பார்க்கும் புகை என்பது எரியாமல் போன விறகுதான். புகைபோக்கியில் அது குளிர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். காய்ந்த விறகின் கரி உலர்ந்த பொடியாக இருக்கும், சாம்பல் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஈர விறகின் கரி பளபளவென்று பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். அதே பிசுபிசுப்பு புகைபோக்கிக்குள்ளும் ஏறியிருக்கிறது. நாளாக ஆக வழி சுருங்கி, புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். ஒருநாள் தீப்பிடிக்கவும் செய்யும். விறகு மாற்றுவதற்கு முன்னால் புகைபோக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அம்மாவின் இருமலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதன் நடுவில் நிற்பவர்கள் அடுப்பில் குனிந்து ஊதுகிறவர்கள்தான். என் அம்மாச்சி கண் எரிச்சலோடும் இளைப்போடும் கடைசிப் பத்து வருடத்தை ஓட்டினார். நாங்கள் விறகுக்கடைக்காரர்கள், நல்ல கட்டையெல்லாம் விலைக்குப் போய்விடும், மிச்சம் மீதி வீட்டு அடுப்புக்கு வரும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு காய்ந்த விறகானாலும், கதவு ஜன்னலை அடைத்துவிட்டு எரிக்கக் கூடாது. புகையே கண்ணில் படாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, அது ஆளைக் கொன்றுவிடும்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம். சீமைக்கருவேலம்தான் இங்கே முக்கால்வாசி விறகு. மானாமதுரை, காரியாபட்டி, கமுதி என்று எந்தப் பக்கம் போனாலும் கண்மாயெல்லாம் அதுதான். 2017-ல் அதை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, அதற்குப் பிறகும் அது குறைந்தபாடில்லை. நல்ல விறகு: கெட்டி, நின்று எரியும், கங்கு நிற்கும். கரிமூட்டம் போடுகிறவர்கள் அதை விரும்புவதும் அதனால்தான். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, பச்சையிலேயே ஓரளவு எரிந்துவிடும். இதை வைத்துத்தான் வெட்டிய வாரத்திலேயே விற்றுவிடுகிறார்கள். வெட்டவெளியில் பரோட்டாக் கடை அடுப்புக்கு அது போதும். வீட்டுக்குள் போதாது. கை மணிக்கட்டுத் தடிமனுக்கு நறுக்கிப் பிளந்தது என்றால் கோடையில் இரண்டு மூன்று மாதம், மழைக்காலத்தில் அதைவிடக் கூடுதலாக வேண்டும். தூர்க்கட்டை மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். மண்ணும் ஈரமுமாக, நார் முறுக்கிக்கொண்டு பிளக்கவே வராது.

புளி வேறு மாதிரி. சூடு நன்றாக வரும், ஆனால் தடித்த கட்டை காய ஒரு கோடை முழுசாக வேண்டும், ஒரு வருடம் என்றாலும் தப்பில்லை. உங்கள் வீட்டில் சீறி நுரை தள்ளுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மா, வேம்பு சீக்கிரம் காயும், வெந்நீருக்கு நல்லது. சவுக்கு காய்ந்தால் அருமையாக எரியும். முருங்கை, இலவு எல்லாம் அடுப்புக்கு ஆகாது. அரளியை எந்தக் காரணத்துக்கும் அடுப்பில் வைக்காதீர்கள், விஷம். அதேபோலப் பெயிண்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு. "நல்லாக் காஞ்சிருக்கு" என்று யாராவது கொடுத்தாலும் வேண்டாம். காய்ந்திருப்பது உண்மைதான், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. கட்டை கோணலாக இருப்பதைப் பற்றி மட்டும் கவலைப்படாதீர்கள். கோணல் விறகானாலும் நெருப்புப் பற்றாதா என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா?

இப்போது ஈரப்பதம் காட்டும் மீட்டர் கையடக்கமாக வந்துவிட்டது. இரண்டு ஊசி இருக்கும், குத்தினால் எண் காட்டும். டன் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு நல்ல சாமான். ஆனால் கட்டையின் வெளிப்பக்கத்திலோ வெட்டுவாயிலோ குத்திவிட்டு 14 என்று காட்டுகிறது என்று சந்தோஷப்படக் கூடாது. அப்போதே பிளந்த உள்முகத்தில், நீளத்தின் நடுவில், நார் போகும் திசையில் இரண்டு ஊசியும் இறங்கும்படி குத்த வேண்டும். 20-க்குக் கீழே என்றால் வாங்கலாம். 30-க்கு மேல் போய்விட்டால் அந்த எண்ணையே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பச்சை மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். நான் போன கோடையில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். காய்ந்தது என்று சொன்ன ஒரு புளிக் கட்டையின் நடுப்பகுதியிலிருந்து மட்டும் சிராய் சிராயாக 300 கிராம் சீவி எடுத்தேன். ஒரு தாம்பாளத்தில் பரப்பி மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன், ராத்திரி வீட்டுக்குள். முதல் நாள் 250. இரண்டாம் நாள் 229. நாலாம் நாள் 216, அதற்குப் பிறகு இறங்கவில்லை. 84 கிராம் போய்விட்டது, நூற்றுக்கு 28. வெயில் காய்ச்சலில் மீதி கொஞ்சம் ஈரம் உள்ளேயே நிற்கும், அதையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். நூற்றுக்கு 10, 12 குறைந்தால் அந்த விறகு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மழையில் நனைந்த விறகையும் பச்சை விறகையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நன்றாகக் காய்ந்த கட்டை மழையில் நனைந்தால் மேல்தோல்தான் ஈரம். நிழலில் காற்றுப் பட இரண்டு மூன்று நாள் வைத்தால் பழையபடி ஆகிவிடும். அதைப் பிளந்தால் உள்ளே உலர்ந்திருக்கும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பதுதான் நமக்கு எதிரி. ஆனால் கடையில் மழையில் நனைந்து கிடப்பதை எடைக்கு வாங்காதீர்கள், அதிலும் தண்ணீருக்குத்தான் காசு.

எப்போது வாங்குவது? வைகாசி, ஆனியில் வாங்குவதுதான் உத்தமம். கண்மாய் வற்றிக் கிடக்கும்போது வெட்டிய விறகு, கோடை வெயிலைக் கண்டிருக்கும். மிஞ்சினால் ஆவணி. மீனாட்சி அம்மன் கோயிலில் ஆவணி மூலத் திருவிழா நடக்கும்போது சொக்கநாதர் விறகு சுமந்து வருகிற லீலை உண்டு அல்லவா, எங்கள் வீட்டில் அதுதான் கெடு. அதற்குள் வருஷத்து விறகு அடுக்கியாக வேண்டும் என்பார் அம்மா. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் எதுவும் காயாது. நீங்கள் வாங்கிய புரட்டாசி கடைகளில் இருப்பு குறைந்து புது விறகு இறங்கும் நேரம்.

டன்னாக இறக்குவதற்கு முன்னால் இருபது கிலோ வாங்கி இரண்டு நாள் எரித்துப் பாருங்கள். முனையில் பழுப்புத் தண்ணீர் கசிகிறதா, சீறுகிறதா, ஊதுகுழலை வைத்தால்தான் எரிகிறதா என்று உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். அவர் சொல்வதுதான் முடிவு.

இனி உங்கள் வீட்டில் கிடக்கும் ஒரு டன். அதைக் கெட்டுப்போன சரக்கு என்று நினைக்காதீர்கள். ஆள் விட்டு எல்லாவற்றையும் ஒன்றே கால் அடிக்கு நறுக்கி, மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்துவிடுங்கள். கூலி ஆகும், ஆகட்டும். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் இரண்டு கம்பு போட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுப் போகும்படி அடுக்குங்கள். தரையில் வைத்தால் கரையான் ஏறிவிடும். மேலே மட்டும் தகரமோ ஓலையோ போதும். தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடிக் கட்டுகிறார்கள், அப்படிச் செய்தால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எடுக்கும்போது ஒவ்வொரு கட்டையையும் தட்டிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், பட்டைக்கு அடியில் தேள் இருக்கும். சீமைக்கருவேலத்தைத் தனியாகவும் புளியைத் தனியாகவும் அடுக்குங்கள், முன்னது முதலில் தயாராகிவிடும். அதுவரை தென்னை மட்டை, பாளை, காய்ந்த சுள்ளி வைத்து ஓட்டுங்கள். அம்மாவுக்கு இருமல் நிற்கும்வரை சோற்றைக் கேஸில் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு அடுக்கின் நடுவிலிருந்தும் மூன்று கட்டை எடுத்து நிறுத்து, எடையைச் சாக்பீஸால் அந்தக் கட்டையிலேயே எழுதி, அதே இடத்தில் திருப்பி வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடுத்து நிறுத்துப் பழைய எண்ணுக்குக் கீழே புது எண்ணை எழுதிக்கொண்டே வாருங்கள். மழை நின்று தை வெயில் வந்ததும் எடை மளமளவென்று இறங்கும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எண் வந்தால் அதில் ஒன்றைப் பிளந்து அம்மாவிடம் கொடுங்கள், கன்னத்தில் வைத்துப் பார்க்கட்டும்.